இரண்டரைக் குழியில் ஒரு வீடு

(தஞ்சாவூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் நிலத்துக்குக் கணக்கு குழியும் மாவும் வேலியும். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும், வரப்பில் நின்று பேசும்போது மாக்கணக்குதான் நம் வாயில் வருகிறது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தன் நிதிநிலை அறிக்கையில் ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்ற திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு என்பது அதன் இலக்கு. மொத்தம் எட்டு இலட்சம் வீடுகள், முதல் கட்டம் ஒரு இலட்சம் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3.5 இலட்சம் ரூபாய். வீட்டின் பரப்பு 360 சதுர அடி. இதை நம் கணக்கில் மாற்றிப் பாருங்கள், சரியாக இரண்டரைக் குழி வருகிறது.

இரண்டரைக் குழியில் ஒரு குடும்பம் வாழ முடியுமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். முடியும். மானமாக, காற்றோட்டமாக, மழைக்கு அஞ்சாமல் வாழ முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெரிய வீட்டைச் சுருக்கிச் சின்ன வீடு கட்டக் கூடாது. காவிரிப் படுகையில் சின்ன வீடு என்பது தனி வகை. அதில் பணம் போக வேண்டிய இடங்கள் இரண்டு: கீழே தரைமட்டம், மேலே கூரை. அறைகளுக்கு ஆசைப்பட்டு இந்த இரண்டிலும் கை வைக்கிறவர்கள் அடுத்த இருபது ஆண்டு அல்லல்படுகிறார்கள். இதைத்தான் இன்று விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில், இந்த மண்ணில் உழைத்தவர்களின் வீடு ஏன் அவ்வளவு லேசாக இருந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். தெரியாததால் அப்படிக் கட்டினார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பெரும் தவறு. மிராசுதாருக்கு ரேழியும் கூடமும் முற்றமும் வைத்த ஓட்டு வீட்டைக் கட்டிக் கொடுத்த கைகள்தான் சேரியில் குடிசை போட்டுக்கொண்டன. காரணம் மனை. பண்ணையாள் குடியிருந்த இடம் பண்ணைக்குச் சொந்தம். போ என்றால் அன்றைக்கே பானை சட்டியோடு போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் யார் கடைக்கால் தோண்டுவார்கள்? நான்கு மூங்கில், களிமண் சுவர், மேலே கீற்று அல்லது வைக்கோல். விட்டுவிட்டுப் போகக்கூடிய வீடு அது.

1952-ல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒரு தொடக்கம். 1971-ல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம்தான், குடியிருந்த மனையைக் குடியிருந்தவருக்கே சொந்தமாக்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில், 1968 டிசம்பர் 25 இரவில், நாகைப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் படுகொலை நடந்தது. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் தெருவில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உயிர் பிழைக்க அவர்கள் ஓடி ஒளிந்த இடம் ஒரு கூரைக் குடிசை. நாகைப் பக்கம் ஒரு குடும்பம், “தீப்பிடிக்காத கூரை வேணும்” என்று கேட்கும்போது அதை வசதிக் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வெண்மணிக்குப் பிறகு இங்கே வந்து தங்கியவர்கள் சர்வோதயத் தலைவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1981-ல் லாஃப்டி என்ற உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கி, நிலத்தை விலை பேசி வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பெண்களின் பெயரில் பதிய வைத்தார்கள். 2008-ல் இருவருக்கும் ‘சரியான வாழ்வாதார விருது’ கிடைத்தது. நிலம் கைக்கு வந்த பிறகு கிருஷ்ணம்மாள் அம்மா பிடிவாதமாக இறங்கிய அடுத்த வேலை வீடு. மண் குடிசைக்குப் பதிலாகச் செங்கல் வீடு. அந்தச் செங்கல்லையும் ஊர் மக்களே அறுக்க வேண்டும் என்பது அவர் வழி. எனக்கு இதில் பிடித்தது வரிசை. முதலில் மனை, பிறகு பட்டா, பிறகு பெண் பெயர், அதன் பிறகு கடைக்கால். இன்றைக்கும் வீடு கட்டப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் வரைபடத்தைக் கேட்பதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது, நத்தமா, புறம்போக்கா, வாய்க்கால் கரையா என்றுதான் கேட்கிறேன்.

சரி, தரைமட்டத்துக்கு வருவோம்.

காவிரிப் படுகையில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. அந்தச் சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் வாய்க்கால் வெட்டி வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்ச முடிந்தது. அதே காரணத்தால்தான் ஐப்பசி, கார்த்திகையில் விழுந்த மழை வடியாமல் நிற்கிறது. கிழக்கே போகப் போக இது மோசமாகும். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை ஊர்களில் வடிகால் ஆறு நிறைந்துவிட்டால் தண்ணீர் போக வேறு இடமே இல்லை. ஆகவே இங்கே ஒரு வீட்டின் முதல் அளவு நீளமும் அகலமும் அல்ல, உயரம்.

உயரத்தை எப்படி முடிவு செய்வது? தெருவில் வயதான ஒரு பெண்மணியைக் கேளுங்கள். பெண்கள் என்று குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுப்பு நனைந்தது எந்த வருடம் என்பது அவர்களுக்குத்தான் மறக்காது. “கஜா புயல்ல இந்தப் படி வரைக்கும் வந்துச்சு” என்பார், “நிஷா புயல்ல அடுப்புமேடை முழுவிப் போச்சு” என்பார். அவர் காட்டும் இடத்தில் சுவரிலோ மரத்திலோ ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு அடி மேலே உங்கள் தரை இருக்க வேண்டும்.

அது மட்டும் போதாது. ரோடு உயரும். கும்பகோணம், மாயவரம், திருவாரூர் எங்கும் பழைய தெருக்களைப் பாருங்கள்: மூன்று படி, நான்கு படி ஏறித் திண்ணைக்குப் போன வீடுகளுக்கு இன்றைக்குப் படி இறங்கிப் போகிறோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டே வந்ததன் பலன். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. ஆனால் உத்தரவை நம்பித் தரைமட்டத்தைத் தாழ்த்தாதீர்கள். ரோட்டின் நடு முதுகிலிருந்து குறைந்தது இரண்டரை அடி, முடிந்தால் மூன்று அடி. கொத்தனார்கள் இதைப் ‘பேஸ்மட்டம்’ என்கிறார்கள். வீடு கட்டி முடித்த பிறகு இந்த ஒன்றை மட்டும் எளிதில் மாற்ற முடியாது. சுவரை இடித்துக் கட்டலாம், கதவை மாற்றலாம், மாடிகூடப் போடலாம். தாழ்ந்துபோன தரையை என்ன செய்வீர்கள்?

அந்த மூன்றடியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதிலும் கவனம் தேவை. கொல்லையில் குட்டை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேட்டின் மேல் வீடு போடுவது நம் பழைய முறை. குட்டையில் வாத்து மேயும், மழைத்தண்ணீர் தங்கும், மேடும் கிடைக்கும், அருமையான ஏற்பாடு. ஆனால் நம்முடைய களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். சித்திரையில் தரிசு வயலில் முழங்கை போகிற அளவு வெடிப்பு விட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அதே மண்ணைச் சிமெண்ட் தரைக்கு அடியில் போட்டால் தரை இரண்டாவது வருடமே விரிசல் விடும். வெட்டிய களிமண்ணை வாசலை மேடாக்கப் போடுங்கள். தரைக்கு அடியில் மணலோ, வல்லம் பக்கத்துச் செம்மண் கிராவலோ போட்டு, அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்குங்கள். ஒரு வாரம் கூடுதலாகும். ஆகட்டும்.

கடைக்காலுக்கும் இதே பிரச்சினை. மண் ஆண்டுக்கு ஒரு முறை உப்பிச் சுருங்கும் ஆழத்துக்குக் கீழே போய்த்தான் நிற்க வேண்டும். இரண்டடி தோண்டிச் செங்கல் அடுக்கினால் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். நம் ஊர்களில் அரசு கட்டிய பல தொகுப்பு வீடுகளில் அந்தக் கோட்டை நீங்களே பார்க்கலாம். நான்கடிக்குக் குறையாமல் தோண்டி, அடியில் மணல் மெத்தை போட்டு, கட்டு எழுப்பி, தரைமட்டத்தில் வீட்டைச் சுற்றிலும் கம்பி வைத்து ஒரு கான்கிரீட் பெல்ட் கட்டிவிட வேண்டும். அந்த பெல்ட் இருந்தால் மண் ஒரு மூலையில் இறங்கினாலும் வீடு மொத்தமாகத் தாங்கிக்கொள்ளும். மண் மிகவும் கெட்ட இடங்களில், ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே உருவாக்கிய ஒரு முறை உண்டு: பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்துக்குக் கையால் துளை போட்டு, அடியில் குடைந்து அகலமாக்கி, கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்புவது. சின்ன வீட்டுக்கு இது ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். அகலமான கடைக்காலுக்கு ஆகும் ஜல்லியையும் செங்கல்லையும் கணக்குப் பார்த்தால் பல இடங்களில் இதுவே சிக்கனமாக முடிகிறது.

இப்போது வரைபடம். இதைப் பற்றிச் சற்று நேரம் பேச அனுமதியுங்கள்.

அரசுத் திட்டத்தில் 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை; மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளி விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இந்த 60 சதுர அடி ஒரு வரம். பதினைந்தடி முகப்பு, இருபதடி ஆழம் என்று வீட்டை வைத்தால் 300 ஆகிறது. முகப்பு நெடுகிலும் நாலடி அகலத்துக்கு ஓட்டுச் சார்ப்பு இறக்கி அடியில் திண்ணை போட்டால் மீதி அறுபதும் சரியாகிறது. ஒன்பதங்குலச் சுவர் எழுப்பிய பிறகு உள்ளே நிகரமாகக் கிடைப்பது ஏறத்தாழ 250 சதுர அடி; சுவரே ஐம்பது சதுர அடியைச் சாப்பிட்டுவிடும். முன்னால் பதின்மூன்றரைக்குப் பத்து ஒரு கூடம். பின்னால் எட்டுக்கு எட்டு ஒரு அறை, அதை ஒட்டி ஐந்துக்கு எட்டு அடுப்படி. அவ்வளவுதான். இதற்குள் இன்னொரு அறை வேண்டும், பூஜையறை வேண்டும், உள்ளேயே குளியலறை வேண்டும் என்று தடுத்துக்கொண்டே போனால் ஆறடிக்கு ஆறடி டப்பாக்களாக மிஞ்சும். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊரில் கடைக்கால் தோண்டுவதற்கு முன், மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் சுவர்க் கோடுகளைப் போட்டோம். அந்த வீட்டு அம்மாவிடம், “இதுதான் உங்க வீடு, உள்ள வந்து ஒரு நாள் இருந்து பாருங்க” என்றேன். அவர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிலைப் போட்டார். பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கச் சொன்னார். ஐந்து நெல் மூட்டைக்கு அடையாளமாக ஐந்து சாக்கை விரித்தார். அம்மியை எடுத்து வந்து வைத்து, குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அடுப்ப இந்த மூலையில வச்சிங்கன்னா மேல்காத்து அடிக்கிறப்ப பொகையெல்லாம் கூடத்துக்கு வந்துரும்ங்க. அந்தாண்ட தள்ளிடுங்க” என்றார். கோட்டை அழித்து மறுபடி போட்டோம். அறைக்குள் போகும் கதவை ஒன்றரை அடி நகர்த்தியதில், மூட்டை அடுக்க ஒரு முழுச் சுவர் கிடைத்தது. எந்தப் பொறியாளர் தாளில் வரைந்தும் இது வந்திருக்காது. அந்த வீட்டில் எத்தனை பேர் எங்கே படுக்கிறார்கள், அறுவடை நெல் எங்கே நிற்கிறது, மருமகள் எங்கே தலை துவட்டுகிறாள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக் குடும்பத்தைக் கேட்டு வரைவது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான நிரந்தர வீடுகள் கட்டப்பட்டன. 300 முதல் 325 சதுர அடி, வீட்டுக்கு ஒன்றரை இலட்சம் என்ற அளவில், தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டின. பல இடங்களில் மனையிலிருந்த மரங்களை மொத்தமாகச் சாய்த்து, நிலத்தைச் சமப்படுத்தி, வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்தார்கள். மீனவப் பெண்கள் கூடி உட்கார நிழல் போயிற்று, வலை பின்ன இடம் போயிற்று. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வேறு விதமாக நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்போடு கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் சேர்ந்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசி வரைந்தார். நேரம் பிடித்தது. அதற்குப் பலன் அந்தந்த வீட்டில் இருக்கிறது. அவசர காலத்தில்கூட ஒரு குடும்பத்திடம் கேட்டு வரைய முடியும் என்றால், சாதாரண காலத்தில் கேட்காமல் இருப்பதற்கு என்ன சாக்கு?

திண்ணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்ன வீட்டில் பகல் முழுக்க வாழ்க்கை வெளியேதான். விதை நெல் காய்வது, முருங்கைக்கீரை ஆய்வது, பள்ளிப் பிள்ளை எழுதுவது, மதியத்தில் தாத்தா தலைசாய்ப்பது எல்லாம் நாலடித் திண்ணையில் நடக்கும். அதைக் கிராதி வைத்து அடைத்து அறையாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. காசு கொடுத்து நிழலை இழக்கிறார்கள். இன்னொன்று: மனையின் நட்டநடுவில் வீட்டை வைக்காதீர்கள். மூன்று சென்ட் மனை என்பது சுமார் ஒன்பது குழி. நடுவில் வைத்தால் நாலு பக்கமும் வெறும் சந்துதான் கிடைக்கும், எதற்கும் உதவாது. ஒரு பக்கம் தள்ளி வையுங்கள். முன்னால் ஒரு நல்ல வாசல் கிடைக்கும். நம் வீட்டுக் கல்யாணமும், காதுகுத்தும், சாவும் வாசலில் பந்தல் போட்டுத்தான் நடக்கின்றன. அவற்றுக்கு இடம் விடாத வீடு எத்தனை சதுர அடி இருந்தாலும் சின்ன வீடுதான்.

சுவருக்குள் இடம் ஒளிந்திருக்கிறது என்பதும் பழைய கொத்தனார்களுக்குத் தெரிந்த விஷயம். விளக்கு மாடம், கதவுக்குப் பின்னால் ஒரு மாடக்குழி, அடுப்படியில் அஞ்சறைப்பெட்டிக்கு ஒரு பொந்து. சன்னல் லிண்டல் மட்டத்தில் அறைக்கு மேல் பாதி அகலத்துக்குப் பரண் போட்டால், தரையில் பீரோவே வேண்டாம். நெல் மூட்டையும் வெள்ளத்துக்குத் தப்பும்.

பொருட்களுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து கேரளத்தில் வேரூன்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இளமையில் காந்தியடிகளைப் பம்பாயில் சந்தித்தார். ஒரு நல்ல வீட்டுக்கு வேண்டிய பொருள் அத்தனையும் ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை பேக்கர் 2007-ல் மறையும் வரை தம் தொழிலின் அடிப்படையாகக் கொண்டிருந்தார். கீழத்தஞ்சை வயல்வெளியில் நின்றுகொண்டு ஐந்து மைல் வட்டம் போட்டுப் பாருங்கள். களிமண் உண்டு, காளவாய் எரிக்க உமியும் கருவை விறகும் உண்டு, மூங்கில், பனை, தென்னை உண்டு, கடலோரம் போனால் கிளிஞ்சல் சுண்ணாம்பு உண்டு. கல் மட்டும் கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியே இருந்துதான் வந்தது. இன்றைக்கு நம் வீடுகளுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வருகின்றன. ஆகவே கான்கிரீட்டை எங்கே தவிர்க்க முடியாதோ அங்கே மட்டும் வைத்து, மற்றதைச் செங்கல்லால் செய்வது இந்த மண்ணுக்கு ஏற்ற சிக்கனம்.

பேக்கர் பரப்பிய ஒரு சுவர்க் கட்டு உண்டு. கொத்தனார்கள் ‘ரேட் டிராப் பாண்ட்’ என்று ஆங்கிலத்திலேயே சொல்கிறார்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் அதே ஒன்பதங்குலம்தான். செங்கல் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் வெளிப்பூச்சே தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: தரைமட்டத்துக்குக் கீழே இதைச் செய்யாதீர்கள். அங்கே கெட்டிக் கட்டுதான் வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீரும் கறையானும் குடியேறும். பழக்கமில்லாத கொத்தனாரை முதலில் கழிப்பறைச் சுவரில் பழக்கிவிட்டு, பிறகு வீட்டுச் சுவரில் விடுங்கள்.

கூரை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சீப்பு போட்டு வாரியது போல் விழுந்து கிடந்தன. கீற்றுக் கூரை பறந்தது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்தது, தகரம் பறந்து பக்கத்து வீட்டுச் சுவரில் குத்தி நின்றது. கான்கிரீட் தளம் நின்றது. அன்று முதல் இந்தப் பகுதியில் தளக்கூரை வேண்டாம் என்று யாரிடமும் என்னால் வாதாட முடியவில்லை. வாதாடவும் மாட்டேன். ஆனால் நாலங்குலக் கான்கிரீட் சித்திரை வெயிலில் பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவெல்லாம் கக்கும். கூரை வீட்டில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் புது வீட்டை விட்டு வாசலில் கட்டில் போட்டுத் தூங்குவது இதனால்தான்.

இதற்கு வழி இருக்கிறது. தளம் வார்க்கும்போது கம்பிச் சட்டத்தின் நடுவே பழைய சீமை ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து வார்ப்பது ஒன்று. கான்கிரீட்டும் குறையும், சூடும் குறையும். அது கைவராவிட்டால், வார்த்த தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு இடித்து, மேலே தட்டோடு பதியுங்கள். நம் தாத்தாக்கள் செய்ததுதான். அதற்கும் கையில் காசில்லையா? வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு முறை அடியுங்கள், வருடா வருடம் அடியுங்கள். கூடவே கிழக்கும் தெற்கும் சன்னல் திறந்திருக்கட்டும். மாலையில் கடலிலிருந்து வரும் கொண்டல் காற்றை விடக்கூடாது. வாடை அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தில் சன்சேடு இரண்டடி நீளட்டும்.

தளத்துக்கு மேல் கம்பியை நீட்டி விட்டுவைக்கும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. பிறகு மாடி எழுப்பலாம் என்ற நம்பிக்கை அது. கடற்காற்றில் அந்தக் கம்பி துருப்பிடித்து, துரு கீழே இறங்கித் தூணையே வெடிக்கச் செய்கிறது. மாடி எண்ணம் உண்மையிலேயே இருந்தால் கம்பியைச் சுற்றி மெலிந்த கான்கிரீட் போட்டு மூடிவையுங்கள். இல்லையென்றால் அறுத்துவிடுங்கள்.

கழிப்பறையை நான் கடைசியில் சொல்வதற்குக் காரணம் அது சிறிய விஷயம் என்பதல்ல, நம் ஊரில் அதுதான் மிகக் கடினமான விஷயம். நாடு முழுவதும் பரிந்துரைக்கப்படும் இரட்டைக் குழிக் கழிப்பறை, மண்ணுக்குள் தண்ணீர் இறங்கும் இடத்துக்கானது. கார்த்திகை மாதத்தில் இரண்டடியில் ஊற்று நிற்கும் களிமண்ணில் குழி நிரம்பி மேலே வரும். பக்கத்து அடிபம்புத் தண்ணீரையும் கெடுக்கும். கழிப்பறையைப் பூட்டிவிட்டு ஜனங்கள் மறுபடி வாய்க்கால் கரைக்குப் போவதற்கு அவர்களைக் குறை சொல்லாதீர்கள். குழியையும் தரைக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டும். காவிரிக் கரையில் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் சுப்புராமன் அவர்கள் தலைமையில் வேறொரு வழியைக் காட்டியது: தரைக்கு மேலே இரண்டு அறை, மலம் தனி, சிறுநீர் தனி, சாம்பல் தூவி மூடினால் ஓர் அறை நிரம்பி மக்குவதற்குள் அடுத்தது பயன்பாட்டில் இருக்கும். நிலத்தடி நீரைத் தொடவே தொடாது. மக்கியது வயலுக்கு உரம். பழக்கப்படுத்துவது எளிதல்ல, வீட்டுப் பெண்கள் ஒத்துக்கொண்டால் நடக்கும். தண்ணீர் நிற்கும் தெருக்களில் நான் இதைத்தான் சொல்கிறேன்.

இனி பணமும் காலமும். நம் ஊர்ச் சாலைகளில் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடுகள் எத்தனை! உள்ளே கருவை முளைத்து, சன்னல் வழியாகக் கிளை நீட்டிக்கொண்டிருக்கும். கையில் மூன்றரை இலட்சம் வரும் என்றதும் ஆறு இலட்சத்துக்குக் கடைக்கால் போட்டவர்கள் அவர்கள். நகை அடகு, குழுக் கடன், வாரத் தவணைக் கடன் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, வீடு முடியாமலேயே வட்டி ஓடுகிறது. அரசுப் பணம் கடைக்கால், லிண்டல், தளம், முடிவு என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். முதல் கட்டத்துக்கு உங்கள் கையிருப்பு இருக்க வேண்டும். இரண்டரைக் குழிக்கு மேல் ஒரு அடிகூட நீட்டாமல் தளம் வரை போய்விடுங்கள். டைல்ஸ், பெயிண்ட், தேக்குக் கதவு எதுவும் அவசரமில்லை. நிலைவாசலுக்கு நல்ல வேப்பமரம் போதும்.

தாளடியும் சம்பாவும் அறுத்து, தை முடிந்து, நெல் காசு கைக்கு வந்ததும் மாசியில் கடைக்கால் தோண்டுங்கள். அப்போது வயல் காய்ந்து வண்டி வரும், ஊற்றும் இறங்கியிருக்கும். பங்குனி, சித்திரையில் சுவர். வெயிலில் சுவர் சீக்கிரம் காய்வதால் ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் அடிக்க ஆள் வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையாகவும் இருக்கும். வைகாசிக்குள் தளம் வார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் சித்தாளும் நிமிந்தாளும் நாற்றங்காலுக்குப் போய்விடுவார்கள். வார்த்த தளத்தில் பாத்தி கட்டி இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும். ஆடி, ஆவணியில் தரை, திண்ணை, கழிப்பறை. புரட்டாசிக்குள் இந்த மூன்றும் முடிந்திருந்தால், உள்பூச்சும் வெள்ளையும் பாக்கியிருந்தாலும் குடி போகலாம். பூச்சு வேலையை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.